நின்ற வண்டியும் காலை முறிக்கும்!

மோட்டார் சைக்கிள் விபத்து என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? பறந்து வரும் ஒரு வாலிபன், வளைவில் எதிர்ப்படும் லொறி, கிறீச்சென்ற சத்தம்... ஆகவேதான் "வேகமாகப் போகாதே மகனே!" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பாத உம்மாமார் இல்லை. அந்தப் புத்திமதி தேவையானதுதான். ஆனால் அதைக் கேட்டு மெதுவாகப் போன மகனும் சில வேளை நொண்டிக்கொண்டு வீடு திரும்புகிறான்.

"எங்கே அடிபட்டது?"

"வீட்டு முடக்கில்தான் உம்மா. திருப்பும்போது வண்டி சாய்ந்துவிட்டது."

வேகம் இல்லை, மோதல் இல்லை, எதிரே வந்தவர் எவரும் இல்லை. ஆனாலும் கணுக்கால் வீங்கியிருக்கிறது. கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட தழும்பு. விழுந்த வண்டியை அவசரமாகத் தூக்கியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட விழுகைகளில் அநேகமானவை பொலிஸ் புத்தகத்தில் பதிவாவதில்லை, பத்திரிகையிலும் வருவதில்லை. வீட்டுக்குள்ளே எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து முடிந்துவிடுகின்றன. ஒத்தடம் கொடுப்பது யார்? நாம்தான். ஆகவே இந்தச் செய்தியை ஆண்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடாமல், வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்வது மிக அவசியம்.

மலைப் பாதையும் மலைபோன்ற வண்டியும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கும், அங்கிருந்து டயகமவுக்கும் போகும் பாதையை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட பிரதேசம். ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் பள்ளம். ஓரத்திலே தண்ணீர் ஓடும் கான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவ மழை பிடித்தால் பாசியும் சேறும் ஒட்டிக்கொள்ளும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்து முழத்துக்கு அப்பால் பாதை தெரியாது. பிரதான பாதையை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பினாலோ, கல் பெயர்ந்த ஏற்றங்களும் ஊசிமுனை போன்ற வளைவுகளும் காத்திருக்கும்.

மலைநாட்டுப் பாதைகளிலே வெளிநாட்டுப் பிரயாணிகள் சிலர் பெரிய மோட்டார் சைக்கிள்களில் வருவதைக் கண்டிருப்பீர்கள். இரு பக்கமும் பெட்டி, பின்னால் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு என்று ஒரு சிறு வீட்டையே சுமந்து செல்லும் வண்டிகள். இவற்றின் எடையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். நமக்குப் பழக்கமான ஒரு ஸ்கூட்டர் ஏறத்தாழ 100 கிலோ. றோயல் என்பீல்ட் புல்லட் 350 ஏறத்தாழ 195 கிலோ. பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆர் 1250 ஜி.எஸ். என்ற பிரபலமான பிரயாண வண்டி, பெற்றோல் நிரப்பிய நிலையில் 249 கிலோ. ஹொண்டா கோல்ட் விங் வண்டியோ 350 கிலோவையும் தாண்டும். ஒரு சீமெந்து மூட்டை 50 கிலோ. ஆக ஐந்து, ஏழு சீமெந்து மூட்டைகளை இரண்டு சக்கரத்தின் மேல் அடுக்கி ஓட்டுவதற்குச் சமம் இது!

இந்த வண்டிகள் நெடுஞ்சாலையில் கப்பல் போல மிதந்து செல்லும். ஆனால் பெற்றோல் நிலையத்தில், கடை வாசலில், மலை வளைவில், ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்ததும் அவற்றின் குணம் மாறிவிடுகிறது. உலகம் முழுவதும் அனுபவசாலிகள்கூட இத்தகைய இடங்களிலேயே வண்டியைக் கீழே போடுகிறார்கள். ஜப்பானியர்கள் இதற்கென்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்: "தாச்சி-கோகே". நின்ற நிலையில் விழுதல் என்பது அதன் பொருள். தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு இது சர்வசாதாரணம் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஓடும்போது நிற்கிறது, நிற்கும்போது விழுகிறது!

ஏன் இப்படி? சைக்கிள் பழகிய பிள்ளையைக் கேட்டாலே விடை சொல்லிவிடும். வேகமாக மிதித்தால் நேராகப் போகும். மெதுவாக மிதித்தால் ஆடும்.

ஓடிக்கொண்டிருக்கும் இருசக்கர வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், முன் சக்கரம் தானாகவே அந்தப் பக்கம் சற்றுத் திரும்புகிறது. அதனால் சக்கரங்கள் சாயும் பாரத்துக்குக் கீழே மீண்டும் வந்து சேர்கின்றன, வண்டி நிமிர்ந்துவிடுகிறது. ஒரு விரலின் மேல் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடும் சிறுவன், அது சாயும் பக்கமாக விரலை நகர்த்துகிறானே, அதுபோலத்தான் இதுவும். சக்கரம் சுழலும் வேகமே வண்டியை நிறுத்தி வைக்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கோர்னெல் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விசேட சைக்கிளைச் செய்து, சுழற்சியின் உதவி இல்லாமலும் ஓடும் வண்டி தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். சாயும் பக்கம் திரும்புவதுதான் முக்கியம்.

இந்த வித்தைக்கு ஓட்டம் தேவை. ஓட்டம் குறைந்தால் வித்தை நின்றுவிடும். அதன் பிறகு வண்டியைத் தாங்குபவை ஓட்டுபவரின் இரு கைகளும் ஒரு காலும் மட்டுமே.

அந்தக் கையும் காலும் எவ்வளவு தாங்கும்? ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வண்டி 250 கிலோ. அதன் பாரம் குவியும் இடம் நிலத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரம். நாம் பிடிக்கும் ஹேண்டில் ஒரு மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 5 பாகை சாய்ந்தால், அதைத் தடுக்க ஹேண்டிலில் கொடுக்க வேண்டிய பலம் ஏறத்தாழ 12 கிலோ. ஒரு காஸ் சிலிண்டரைவிடக் குறைவு. ஒரு பெண்ணும் இலேசாகத் தாங்கலாம். 10 பாகை சாய்ந்தால் 24 கிலோ. 20 பாகையில் 47 கிலோ. 30 பாகையில் 69 கிலோ!

இந்த நாலு எண்களுக்குள்ளேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் நொடியில் ஒரு விரல் போதும். அடுத்த நொடியில் ஒரு பயில்வானாலும் முடியாது. ஆகவே சாய்வதற்கு முன் தடுப்பது புத்திசாலித்தனம். சாய்ந்துவிட்ட பின் பிடித்து இழுப்பது கையையும் இடுப்பையும் பலி கொடுப்பது.

நம் ஊர்க் கனரக வண்டி

"எங்கள் வீட்டில் இருப்பது சின்ன வண்டிதானே! கோல்ட் விங்கைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நம் ஊரில் மோட்டார் சைக்கிள் என்பது சுற்றுலாவுக்கு வாங்கியது அல்ல, பிழைப்புக்கு வாங்கியது. பின் இருக்கையின் மேல் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு மூட்டை ஏறும். பாண் பெட்டி ஏறும். காஸ் சிலிண்டர் ஏறும். பெருநாள் காலத்தில் துணிப் பொதி ஏறும். இப்போது மீண்டும் கணக்குப் பார்ப்போம். 110 கிலோ எடையுள்ள வண்டி. அதன் பாரம் அரை மீற்றர் உயரத்தில். அதற்கு மேலே, ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய உயரத்தில், 60 கிலோ மூட்டை. மொத்தம் 170 கிலோதானே என்று நினைக்கிறோம். ஆனால் பாரம் உயரத்தில் இருப்பதால், அந்தச் சின்ன வண்டி சாயும்போது இழுக்கும் இழுவை, முன்னே சொன்ன 250 கிலோ பிரயாண வண்டியின் இழுவைக்கு மிகவும் கிட்ட வந்துவிடுகிறது!

ஆம் சகோதரிகளே! மூட்டை கட்டிய நம் வீட்டு வண்டியும் ஒரு கனரக வண்டிதான். வெளிநாட்டுப் பிரயாணியிடம் கனத்த சப்பாத்தும் கையுறையும் பயிற்சியும் இருக்கின்றன. நம் வீட்டு ஆண்களின் காலில் இருப்பதோ பாட்டா செருப்பு!

எனவே முதல் பாடம் இது: பாரத்தைக் கீழே கட்டுங்கள். ஒரே உயரமான மூட்டையாக இல்லாமல், இரு பக்கமும் சமமாகத் தொங்கும் இரண்டு சிறு மூட்டைகளாகக் கட்டினால், அதே எடை பாதி ஆபத்தாகிவிடும்.

எந்தெந்த இடங்களில் விழுகிறது?

அனுபவசாலிகளைக் கேட்டால் விழும் இடங்களும் விதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

முதலாவது, ஹேண்டிலைத் திருப்பியபடி முன் பிரேக்கைப் பிடிப்பது. ஆள் நடக்கும் வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கையில் ஒரு நாயோ பிள்ளையோ குறுக்கே வர, கை தன்னை அறியாமல் முன் பிரேக்கை அழுத்துகிறது. முன்பக்கம் அமுங்கி, திரும்பிய பக்கமாகவே வண்டி தொப்பென்று விழுகிறது. மெதுவான வேகத்தில் பின் பிரேக்கை இதமாகப் பிடிப்பதும், ஹேண்டிலை நேராக்கிய பிறகே நிறுத்துவதும் இதற்குப் பரிகாரம்.

இரண்டாவது, ஊன்றிய காலுக்கு நிலம் கிடைக்காமல் போவது. நம் பாதைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரமாக நிறுத்தி இடது காலை வைத்தால் அங்கே பள்ளம். அல்லது புல் மூடிய கான்! நாலு அங்குலம் கீழே போன கால் நிலத்தைத் தேடுவதற்குள் வண்டி பத்துப் பாகை சாய்ந்துவிடுகிறது. நிறுத்துமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். கால் வைக்கும் இடம் சமமாக உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, ஏற்றத்தில் திருப்பும்போது என்ஜின் நின்றுவிடுவது. சாய்ந்து திரும்பும் வண்டிக்கு ஓட்டம் திடீரென்று அற்றுப்போனால் நிமிர வழியில்லை. அவ்வேளையில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால், பின் பாரத்தால் வண்டி பின்னோக்கி வழுகவும் கூடும். ஒடுங்கிய தோட்டப் பாதையில் ஒரே மூச்சில் திருப்ப முயலாமல், இறங்கி நின்று தள்ளித் திருப்புவதில் எந்தக் குறைவும் இல்லை.

நாலாவது, சைட் ஸ்டாண்ட். மழையில் ஊறிய மண்ணில் அது ஊசிபோல் இறங்கிவிடும். ஒரு தட்டையான கல்லை அல்லது நசுக்கிய தகர டின்னை அடியில் வைத்தால் போதும். சரிவில் நிறுத்தும்போது வண்டியின் முகம் ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். முதலாம் கியரில் இருக்க வேண்டும். முகம் இறக்கத்தைப் பார்த்திருந்தால், வண்டி சற்று முன்னே உருண்டதும் ஸ்டாண்ட் மடிந்துவிடும். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும் முற்றமானால் இதன் விபரீதத்தைச் சொல்லவும் வேண்டுமா?

ஐந்தாவது நம்மைச் சேர்ந்தது. ஓட்டுபவர் இரு கால்களையும் ஊன்றித் தயாராவதற்கு முன்பே பின்னால் ஏறுவது! "ஏறட்டுமா?" என்று கேட்டு, "ஏறு" என்ற பதில் வந்த பின்னரே ஏற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே.

தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமப் பரீட்சைக்கு "எட்டுப் போட" வேண்டும் என்பார்கள். பலர் அதை ஒரு வீண் சடங்காக நினைக்கிறார்கள். எட்டின் வடிவில் மெதுவாக, காலை ஊன்றாமல் திரும்புவது, ஓட்டம் குறைந்த வண்டியை ஆளத் தெரியுமா என்பதற்கான பரீட்சை. வேகமாக ஓட்ட யாராலும் முடியும். மெதுவாக ஓட்டத்தான் பயிற்சி வேண்டும். வெற்று மைதானத்தில் ஒரு காலைப் பொழுது இதைப் பழகினால் ஆயுளுக்கும் பயன் தரும்.

சாயும் அந்த நொடியில்...

எல்லாக் கவனமும் எடுத்த பிறகும் வண்டி சாயலாம். அப்போது என்ன செய்வது?

தாங்கிப் பிடிப்பது மனித இயல்பு. கடன் பட்டு வாங்கிய வண்டி, கண்ணாடி உடையுமே, பெயின்ட் உரியுமே என்ற பதைப்பு ஒரு புறம். கடைத்தெருவில் நாலு பேர் சிரிப்பார்களே என்ற வெட்கம் மறுபுறம். இந்த இரண்டும் சேர்ந்துதான் காலை முறிக்கின்றன! 250 கிலோ வண்டிக்கு அடியில் காலை முட்டுக் கொடுத்தால், கணுக்காலும் முழங்காலும் அந்தப் பாரத்தை வாங்க நேரிடும்.

கராஜ் வைத்திருக்கும் ஒருவர் எனக்குச் சொன்னது இது: "மௌலவி, வண்டிக்குச் சாமான் கடையிலே இருக்கு. காலுக்கு எங்கே போறது?" பெரிய பெரிய புத்தகங்களின் சாரத்தை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

சற்றுச் சாய்ந்த உடனே தாங்க முடிந்தால் தாங்கலாம். அந்த எல்லை கடந்துவிட்டால் பிடியை விட்டுவிட வேண்டும். காலை வண்டிக்கு அடியிலிருந்து எடுத்து, விலகி நிற்க வேண்டும். கையை ஹேண்டிலோடு சேர்த்து நிலத்தில் அடிக்க விடக் கூடாது. வண்டி விழட்டும்! ஒட்டகத்தைக் கட்டிவைத்த பிறகே இறைவனிடம் ஒப்படைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கட்டுவதுதான் நம் கடமை. அறுந்து ஓடும் கயிற்றில் தொங்கிக் கையை இழப்பது அல்ல.

தலைக்கவசம் பற்றியும் ஒரு வார்த்தை. "கடை வரைக்கும்தானே, மெதுவாகத்தானே போகிறேன்" என்று அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர். ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தலை, நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தை அடைந்துவிடும். வண்டி அசையாமல் நின்றிருந்தாலும் இதுவே கணக்கு! கல் பாவிய பாதையில் அந்த வேகம் மண்டையை உடைக்கப் போதுமானது.

பின்னால் இருக்கும் பெண்

நம்மில் பலர் ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறோம். அதனால் பாரம் இடது பக்கம் கூடுகிறது. ஓட்டுபவர் அதைச் சமப்படுத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. ஓடும்போது தெரியாத இந்தக் கோணல், நிறுத்தும்போது வெளிப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பக்கமாக இருப்பவர், வண்டி இடது பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் காலூன்றித் தப்பலாம். வலது பக்கம் சாய்ந்தாலோ முதுகுப் புறமாக, பிடிமானம் எதுவுமின்றி, பின்தலை அடிபட விழ நேரிடும். மடியில் குழந்தையும் இருந்தால்? இரு பக்கமும் கால் போட்டு, கால் மிதியில் பாதங்களை வைத்து, தலைக்கவசத்துடன் உட்காருவதே பாதுகாப்பு. அபாயாவுக்குள் தளர்ந்த காற்சட்டை அணிந்துகொண்டால் மானத்துக்கும் குறைவில்லை.

அபாயாவின் கீழ் விளிம்பு, துப்பட்டாவின் தலைப்பு, சாரி முந்தானை ஆகியவற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்ட பிறகே வண்டி புறப்பட வேண்டும். சங்கிலியிலோ சக்கரத்திலோ துணி சிக்கினால் வண்டியும் விழும், கழுத்தும் இறுகும். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால் மிதி ஆகியவை பின்னால் இருப்பவருக்காகக் கட்டாயம் இருக்க வேண்டும் என்கின்றன. வண்டியோடு வரும் அந்தச் "சாரி காட்"டை அழகுக்காகக் கழற்றி எறியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சைலன்ஸர் சுட்டுவிட்டால் பற்பசை, வெண்ணெய், தேயிலைச் சாயம் எதையும் பூசாதீர்கள். ஐஸ் கட்டியும் வேண்டாம். குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் அதன் மேல் ஓட விடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர மூடி வைத்தியரிடம் காட்டுங்கள். கால் வண்டிக்கு அடியில் சிக்கியிருந்தால் இழுக்கக் கூடாது. வண்டியைத் தூக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். எலும்பு முறிந்ததாகச் சந்தேகம் இருந்தால் நடக்க விடாதீர்கள்.

தூக்கும் கலை

விழுந்த வண்டியை ஆண்கள் எப்படித் தூக்குகிறார்கள்? வண்டிக்கு முகம் கொடுத்து, குனிந்து, இரு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து, முதுகை வளைத்து இழுக்கிறார்கள். படுத்திருக்கும் வண்டியை அசைக்கத் தொடக்கத்தில் வேண்டிய பலம் அதன் எடையில் ஏறத்தாழ பாதி. அந்தப் பாரம் முழுவதும் வளைந்த முதுகெலும்பின் மேல் விழுகிறது. ஆயுள் முழுதும் தொடரும் முதுகு வலிக்கு இதுவே போதும்.

சரியான முறை நேர் எதிரானது. வண்டிக்கு முதுகைக் காட்ட வேண்டும்!

* முதலில் என்ஜினை நிறுத்திச் சாவியைத் திருப்புங்கள். பெற்றோல் கசிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் எவரும் சிகரெட் பற்ற வைக்க விடாதீர்கள். மூடுபனி நேரமானால் இரு பக்கமும் வரும் வாகனங்களை நிறுத்த ஒருவரை நிறுத்துங்கள்.
* வண்டி உருளாமல் முதலாம் கியரில் போடுங்கள். கியர் எட்டாவிட்டால், அல்லது ஸ்கூட்டரானால், பிரேக் பிடியைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.
* வலது பக்கம் விழுந்திருந்தால் இடது பக்கத்து சைட் ஸ்டாண்டை முதலிலேயே விரித்து வையுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் விழும்.
* சரிவில் சக்கரங்கள் பள்ளத்துப் பக்கமாக இருந்தால் தூக்குவது இலகு. மாறி இருந்தால், முதலில் வண்டியைத் தரையில் இழுத்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.
* முன் சக்கரம் நிலத்தை நோக்கும்படி ஹேண்டிலை முழுவதும் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் விளிம்பில் இடுப்பு படும்படி குந்துங்கள். ஒரு கையால் கீழே உள்ள ஹேண்டில் பிடியையும், மறு கையால் பின்பக்க இரும்புச் சட்டத்தையும் பிடியுங்கள்.
* முதுகை நேராக வைத்து, கால்களின் பலத்தால், சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். வண்டி தானாக எழும். நிமிர வர வேகத்தைக் குறைத்து ஸ்டாண்டில் சாயுங்கள்.

அமெரிக்காவில் பெண் ஓட்டுநர்களுக்கு இந்த முறையைச் செய்து காட்டிப் பழக்குகிறார்கள். தங்களைப் போலப் பல மடங்கு எடையுள்ள வண்டிகளை மெலிந்த பெண்களும் எழுப்பி நிறுத்துகிறார்கள். ஜப்பானில் பெரிய மோட்டார் சைக்கிள் பழக வருபவருக்குப் பயிற்சிப் பள்ளியில் முதலில் கொடுக்கும் வேலையே, தரையில் படுக்க வைத்த வண்டியைத் தூக்கி நிறுத்துவதுதான். ஓட்டப் பழகுமுன் விழுந்ததை எழுப்பப் பழகு என்பது எவ்வளவு அழகான பாடத்திட்டம்!

ஆனால் கர்ப்பிணிகள், அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், முதுகு வலி உள்ளவர்கள் இதை முயலவே கூடாது. தூக்கிய பின் பிரேக், கிளட்ச், ஹேண்டிலின் நேர் ஆகியவற்றைப் பரிசோதித்து, சில நிமிடம் பொறுத்து, கை நடுக்கம் நின்ற பிறகே ஓட்ட வேண்டும்.

பலம் அல்ல, பக்குவம்

எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண், கட்டடக் கலை மாணவியாக இருந்தபோது, 1982 முதல் 1984 வரை பி.எம்.டபிள்யூ. ஆர் 60 என்ற 600 சி.சி. வண்டியில் உலகைச் சுற்றி வந்தார். 200 கிலோவுக்கு மேற்பட்ட அந்த வண்டியில், பெரும்பகுதி தனியாகவே, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் எல்லாம் கடந்தார். இளம் வயதுப் பெண்ணால் அது முடிந்தது என்றால், கையின் பலம் மட்டுமா காரணம்?

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம், லாகூரைச் சேர்ந்த ஸெனித் இர்ஃபான். மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்ற வேண்டும் என்ற தந்தையின் ஆசை, அவர் இளமையிலேயே மறைந்ததால் நிறைவேறாமல் போயிற்று. கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து, 2015இல் வடக்கு மலைகளின் ஊடாக, 4,600 மீற்றருக்கும் மேல் உயர்ந்த குன்ஜராப் கணவாய் வரை வண்டி ஓட்டிச் சென்றார். அவருடைய கதை 2018இல் பாகிஸ்தானில் திரைப்படமாகவும் வந்தது.

நம் வீட்டுப் பெண்கள் உலகைச் சுற்ற வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் ஸ்கூட்டரில் போகும் ஆசிரியைகளும் தாதிமாரும் இன்று மலைநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஏற்றத்தில் வண்டியோடு விழுந்தால் கடைத்தெரு என்ன செய்கிறது? சிலர் சிரிக்கிறார்கள், சிலர் "பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?" என்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஆணும் பெண்ணும் அவசரப்பட்டு எழுந்து, அடிபட்ட காலோடு, பரிசோதிக்காத வண்டியை ஓட்டிக்கொண்டு மறைகிறார்கள். இரண்டாவது விபத்து அங்கேதான் பிறக்கிறது.

ஒருவரை அவருடைய வாகனத்தில் ஏற்றி விடுவதும், அவருடைய சுமையைத் தூக்கிக் கொடுப்பதும் தருமம் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அன்றைய வாகனம் ஒட்டகம். இன்றைய வாகனம் இது. விழுந்த வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, "அடிபட்டதா? கொஞ்சம் உட்காருங்கள்" என்று ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பதற்கு என்ன செலவு?

இன்று மாலை உங்கள் மகனோ கணவரோ சகோதரனோ வண்டியோடு புறப்படும்போது, "வேகமாகப் போகாதே" என்பதோடு இன்னொரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "வண்டி சாய்ந்தால் விட்டுவிடு. எனக்கு நீதான் வேண்டும்."